எழுத்தறிவிக்கக் கற்கிறோம்

எழுத்தைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம் தமிழ் மரபு. அந்தக் கண்ணைத் திறந்து வைக்கும் பணி எத்துணை அரியது என்பதைப் பிள்ளைகளின் முன் நின்ற பிறகே நாங்கள் உணர்ந்தோம். இப்பள்ளியில் 12-ஆம் வகுப்பை முடித்து, இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேர்ந்திருக்கும் பழைய மாணவியர் நாங்கள். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பப்பட்டோம். புறப்படும் முன், பயிற்சியில் அடைய வேண்டிய குறிக்கோள்களை எழுதித் தருமாறு எங்கள் விரிவுரையாளர் கேட்டார். அழகிய சொற்களால் ஒரு பக்கத்தை நிரப்பிக் கொடுத்தோம். அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வைத்தவள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

பாடத்தை வாசிக்கச் சொன்னோம். கணீரென்ற குரலில், ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லி முடித்தாள். மற்றப் பிள்ளைகளைக் கைதட்டச் செய்தோம். மறுநாள் அதே பாடத்தின் நடுவே ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டோம். அவள் விழித்தாள். பின்னர் முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கி, அந்தச் சொல்லையும் கடந்து போய்விட்டாள். பிறர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே பாடம் முழுவதையும் மனத்தில் பதித்திருக்கிறாள்! நாங்கள் கைதட்டியது அவளுடைய நினைவாற்றலுக்கு, வாசிப்புக்கு அன்று. நாங்கள் மகிழ்ந்து பாராட்டிய அந்த நாளில் அவளுடைய குறை எங்கள் கண்ணில் படவே இல்லை. அன்று மாலையே எங்கள் குறிக்கோள்களைப் புதிதாக எழுதினோம். அவற்றை இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, எழுத்துக்கு முன் ஒலியைக் கேட்கப் பழக்குதல். 'கல்' என்பதற்கும் 'கால்' என்பதற்கும், 'மலை' என்பதற்கும் 'மாலை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காது உணர்ந்தால்தான், துணைக்கால் எதற்கு என்பது குழந்தைக்குப் புரியும். 'கல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்று சொற்களிலும் 'க' ஒரே வடிவில் நிற்கிறது. ஒலியோ ஒவ்வொன்றிலும் வேறு. நாம் சிந்திக்காமல் கடந்து செல்லும் இந்த இடத்தில், புதிதாகக் கற்கும் குழந்தை தடுமாறி நிற்கிறது.

இரண்டாவது, எழுத்துகளின் அமைப்பைத் தெளிவாக அறிதல். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று நாம் யாவரும் சொல்வோம். அத்தனையையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் உயிர்க்குறிகளும் தெரிந்துவிட்டால் உயிர்மெய்களில் பெரும்பாலானவற்றைச் சேர்த்தே அறியலாம். கு, சு, டு, து, நு போன்ற உகர, ஊகார வரிசைகள் மட்டும் வடிவம் மாறுவதால் தனிக் கவனம் வேண்டும். மற்றொரு சிக்கலும் உண்டு. 'கெ' என்று சொல்லும்போது 'க்' முதலிலும் 'எ' பின்னரும் ஒலிக்கின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' எழுதக் குறிகள் இரு பக்கமும் வருகின்றன. குழந்தை தயங்குவது மந்தபுத்தியால் அன்று. காதும் கண்ணும் வேறு வேறு வரிசையைச் சொல்வதால்தான்.

வடிவம் மனத்தில் பதிய விரலும் உதவ வேண்டும். 1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவும்படி செய்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இத்தகையதே அல்லவா?

மூன்றாவது, பேச்சிலிருந்து எழுத்துக்குப் பாலம் அமைத்தல். அந்தச் சிறுமியிடம் வீட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தோம். "எங்க ஆயா கீரை விக்கிறாங்க" என்றாள். அதை அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினோம். 'ஆயா' எங்கே என்று கேட்டோம். இரண்டாவது சொல்லைச் சற்றும் தயங்காமல் தொட்டாள். அது அவளுடைய ஆயா அல்லவா! அந்த ஒரு வாக்கியத்திலிருந்து 'ஆ', 'யா', 'கீ' என்று எழுத்துகளைப் பிரித்தெடுத்துக் கற்பித்தோம்.

நான்காவது, பிழையைத் தண்டிக்காமல் படித்தறிதல். ஒரு பிள்ளை 'இலை' என்பதை 'எல' என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் அடித்துவிட்டோம். பின்னர்தான் சிந்தித்தோம்: வீட்டில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? அக்குழந்தை தான் கேட்ட ஒலியைச் சரியாகவே எழுதியிருக்கிறது. "நன்றாகக் கேட்டிருக்கிறாய், புத்தகத்தில் எப்படி இருக்கிறது, பார்ப்போமா?" என்று சொல்லியிருக்கலாம். இனி அவ்வாறே சொல்வோம்.

ஐந்தாவது, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்பதை அறிதல். 2021-இல் நடுவண் அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடியும் முன் எல்லாப் பிள்ளைகளும் பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும் என்னும் இலக்கைக் கொண்டது. தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க வழிகாட்டியது. அரும்பை மலர் என்று எண்ணிக் கைதட்டியதே நாங்கள் செய்த தவறு. ஆதலால் நாள்தோறும் ஐந்து பிள்ளைகளையாவது அருகில் அழைத்து, முன்பின் அறியாத ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தடங்கலின்றி ஒப்பிப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடாதீர்கள். பேருந்துப் பலகை, கடைப் பெயர், மளிகைச் சீட்டு என எதையேனும் காட்டிக் கேளுங்கள். பாட்டிமார் எழுதும் 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் பழைய வடிவம், 1978-இல் தமிழ்நாடு அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. அதைக் கண்டு குழந்தை குழம்பினால் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். பிள்ளைக்குக் கதையை வாசித்துக் காட்டுவதற்கு இணையான பரிசு வேறில்லை.

அன்புத் தங்கையரே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் சிறு பிள்ளைகள் இருப்பார்கள். நாளுக்குப் பத்து நிமிடம் அவர்களோடு அமர்ந்து வாசியுங்கள். தவறினால் சிரிக்காதீர்கள்.

பயிற்சியின் இறுதி நாள் வந்தது. அச்சிறுமிக்கு நாங்களே எழுதிய புதிய பக்கம் ஒன்றைக் கொடுத்தோம். மெல்ல மெல்ல, எழுத்துக் கூட்டி இரண்டு வரிகளை வாசித்தாள். மூன்றாம் வரியில் நின்றாள். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "டீச்சர், இது எனக்குத் தெரியல" என்றாள். முன்பெல்லாம் எங்கும் நில்லாமல் ஓடியவள், இப்போது தெரியாத இடத்தில் நின்று கேட்கிறாள். அன்று நாங்கள் வகுப்பைக் கைதட்டச் சொல்லவில்லை. அவள் அருகில் அமர்ந்து, அந்தச் சொல்லை அவளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டினோம்.