நறுமண எண்ணெய் மசாஜ்: நோயாளிகளும் கவனிப்போரும் அறிய வேண்டியவை

புற்றுநோய்க்கோ பிற நீண்டகால நோய்களுக்கோ சிகிச்சை பெற்றுவருவோர், வலி, பதற்றம், உறக்கமின்மை ஆகியவற்றிலிருந்து சற்று ஆறுதல் தேடி நறுமண எண்ணெய் மசாஜை நாடுவதுண்டு. அரோமாதெரபி எனப்படும் நறுமண சிகிச்சையின் ஒரு பகுதி இது. இதில் எவற்றை எதிர்பார்க்கலாம், எவற்றை எதிர்பார்க்கக் கூடாது, எந்நிலையில் இதைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நறுமண எண்ணெய் என்றால் என்ன?

பூ, இலை, பட்டை, வேர், பழத்தோல் ஆகியவற்றில் எளிதில் ஆவியாகக்கூடிய மணப்பொருள்கள் உள்ளன. அவற்றைச் செறிவாகப் பிரித்தெடுத்த திரவமே நறுமண எண்ணெய். லாவண்டர் எண்ணெய், நீலகிரித் தைலம் முதலியன நீராவியால் வடித்தெடுக்கப்படுகின்றன. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் பெரும்பாலும் பழத்தோலைப் பிழிந்து பெறப்படுகின்றன. இவை நாம் தலைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெயைப் போன்றவை அல்ல. மிகுந்த செறிவுடையவை என்பதால், நீர்க்கச் செய்யாமல் தோலில் தடவக் கூடாது.

பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே 1937இல் வெளியிட்ட நூலின் தலைப்பு ‘அரோமாதெரபி’ என்பதாகும். இம்முறை சித்த மருத்துவத்தின் தொக்கணத்திலிருந்து வேறுபட்டது. எனவே ஒன்றுக்குரிய எண்ணெயை மற்றொன்றுக்கு மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

மசாஜின்போது என்ன நிகழும்?

முதலில் உங்கள் நோய், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, அறுவை சிகிச்சை நடந்த இடம் ஆகியவை பற்றிச் சிகிச்சையாளர் கேட்டறிய வேண்டும். இவற்றைக் கேட்காமலே ஒருவர் மசாஜைத் தொடங்கினால் அவரிடம் செய்துகொள்ளாதீர்கள். அடுத்து இரண்டு, மூன்று மணங்களை முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். உங்களுக்குப் பிடிக்காத மணத்தைத் தயங்காமல் மறுக்கலாம்.

தேர்ந்தெடுத்த எண்ணெயைத் தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் போன்ற ஓர் அடிப்படை எண்ணெயில் கலப்பார்கள். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் பாதாம் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். நோயுற்றோருக்குப் பொதுவாக 1 சதவீதக் கலவையே போதுமானது. அதாவது 30 மி.லி. அடிப்படை எண்ணெய்க்கு ஏறத்தாழ 6 துளிகள். மசாஜ் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கலாம். உடல் தளர்ந்திருப்பவர்களுக்குக் கை, பாதம் ஆகியவற்றை மட்டும் சில நிமிடங்கள் மென்மையாக நீவிவிடுவதே நலம். வலியோ அசௌகரியமோ ஏற்பட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பயன் எவ்வளவு?

மசாஜுக்குப் பின் சில மணி நேரம் மனம் அமைதியடைவதாகவும் உறக்கம் வருவதாகவும் பலர் உணர்கிறார்கள். ஆனால் இம்மசாஜ் நோயைக் குணப்படுத்தாது, கட்டியைக் கரைக்காது. புற்றுநோயாளிகளிடையே நடத்தப்பட்ட 19 ஆய்வுகளை 2016இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து மதிப்பிட்டது. அவற்றின் தரம் மிகக் குறைவாக இருந்ததால், அறிகுறிகளைத் தணிப்பதில் மசாஜின் பலன் குறித்து உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை. பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. உறுதி கூறும் அளவுக்குச் சான்று இல்லை என்பதே பொருள். ஆகவே இதற்காக மருத்துவர் அளித்த மருந்தையோ, கீமோதெரபி தவணையையோ ஒருபோதும் நிறுத்தாதீர்கள்; தள்ளிப்போடவும் வேண்டாம்.

மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாத நிலைகள்

• ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, வெப்பம் இருத்தல். இது ஆழ்சிரையில் உறைந்த இரத்தக்கட்டியாக இருக்கலாம். அக்காலை நீவுவது ஆபத்தானது.
• இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருத்தல், அல்லது இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளுதல்.
• காய்ச்சல், தொற்று, திறந்த புண்.
• எலும்புக்குப் பரவிய புற்றுநோய், எலும்பு பலவீனம்.
• கை, கால்களில் நிணநீர் வீக்கம்.
• கர்ப்பம், வலிப்பு நோய், ஆஸ்துமா.

கட்டி உள்ள இடத்திலும், கதிர்வீச்சு அளிக்கப்படும் தோலிலும், வலி நிவாரணத்துக்காக ஒட்டியிருக்கும் மருந்துப் பட்டையின் மீதும் மசாஜ் செய்யக் கூடாது. ஆக்சிஜன் பெறுவோரின் முகத்தில் எண்ணெய் தடவினால் தீப்பற்றும் அபாயம் உண்டு.

கவனம் தேவைப்படும் எண்ணெய்கள்

வின்டர்கிரீன் எண்ணெயில் மெத்தில் சாலிசிலேட் மிகுதியாக உள்ளது. வார்ஃபரின் உட்கொள்வோர் இதைத் தோலில் தடவினாலும் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். பெர்கமாட் எண்ணெய் தடவிய தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போன்ற புண் உண்டாகலாம். நீலகிரித் தைலம், கற்பூரம், புதினா எண்ணெய் ஆகியவற்றைச் சளிக்காகக் கைக்குழந்தையின் முகத்திலோ மூக்கருகிலோ தடவாதீர்கள். அவை மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். திறந்து நெடுநாளான எண்ணெய் காற்றுப் பட்டு மாறுவதால் தோல் ஒவ்வாமை எளிதில் உண்டாகும்.

வீட்டில் கவனிப்போருக்கு

புதிய எண்ணெயை முதலில் அடிப்படை எண்ணெயில் கலந்து, நோயாளியின் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி 24 மணி நேரம் கவனியுங்கள். சிவப்பு, அரிப்பு, கொப்புளம் தோன்றினால் பயன்படுத்த வேண்டாம்.

கீமோதெரபி நாள்களில் மணங்களே குமட்டலைத் தூண்டலாம். அந்நாளில் முகர்ந்த மணம் குமட்டலோடு மனத்தில் பிணைந்துவிட்டால், பின்னர் அதை முகர்ந்தாலே குமட்டல் வரக்கூடும். எனவே நோயாளிக்கு மிகவும் பிடித்த மணத்தை அந்நாள்களில் பயன்படுத்தாதீர்கள். மணமற்ற தேங்காய் எண்ணெயால் கையை மெல்ல நீவிவிட்டாலும் போதும். உங்கள் கையின் பரிவு நோயாளிக்கு ஆறுதலளிக்கும்; அதற்கு விலையுயர்ந்த எண்ணெய் தேவையில்லை.

எப்போது உடனடி உதவி தேவை?

நறுமண எண்ணெய்களை உட்கொள்ளக் கூடாது. 5 மி.லி. வின்டர்கிரீன் எண்ணெய்கூடச் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிடலாம். உடனே 108ஐ அழையுங்கள். எண்ணெய்ப் புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மசாஜுக்குப் பின் மூச்சுத்திணறல், முகவீக்கம், மார்புவலி அல்லது மயக்கம் ஏற்பட்டாலும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.