எஜுகேஷன் லோன் கட்டுறவரா நீங்க? இந்த காமிக்ஸ் உங்களுக்குத்தான்!

டிகிரி வாங்கியாச்சு. கூடவே கல்விக் கடனும் தலைக்கு மேல நிக்குது. சொந்த ஊர்ல வேலை இல்லை. ரொம்பத் தூரத்துல, ரொம்பக் கஷ்டமான, ஆனா நல்ல சம்பளம் தர்ற வேலை ஒண்ணு இருக்கு. போவீங்களா?

கனடாவின் கேப் பிரெட்டன் தீவைச் சேர்ந்த கேட் பீட்டன் போனாங்க. வருஷம் 2005, அப்போ அவங்க வயசு 21. போன இடம், ஆல்பர்ட்டா மாகாணத்தின் எண்ணெய் மணல் சுரங்கங்கள். தார் மாதிரி கெட்டியான எண்ணெய் கலந்த மணலைத் தோண்டி, எண்ணெயைப் பிரிச்செடுக்குற இடம். தொழிலாளர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கிறதுதான் அவங்க வேலை. அந்த அனுபவத்தைத்தான் 'டக்ஸ்' என்ற கிராஃபிக் நாவலா வரைஞ்சாங்க. 2022-ல் வெளியாகி, அடுத்த வருஷமே ஐஸ்னர் விருது வாங்குச்சு. காமிக்ஸ் உலகத்துல அதுதான் பெரிய விருது.

காமிக்ஸ்னாலே சூப்பர் ஹீரோனு நினைக்கிறவங்க இதுலருந்து தொடங்கலாம். சுத்தி எங்கே பார்த்தாலும் ஆண்கள், நடுவுல விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள். தினமும் கிண்டல், சீண்டல், அதைவிட மோசமானதும் நடக்குது. (பாலியல் வன்முறை இதுல வருது, தெரிஞ்சுக்கிட்டே எடுங்க.) ஆனா பீட்டன் யாரையும் சும்மா வில்லனாக்கலை. 'வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து மாசக்கணக்குல இங்கே கிடந்தா, எங்கப்பாவும் இப்படி மாறியிருப்பாரோ?'ங்கிற கேள்விதான் அவங்களைக் குடையுது. படிக்கிற நமக்கும் அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது.

நடுவுல வேலையை விட்டுட்டு, விக்டோரியா நகரத்துல ஒரு மியூசியம் வேலைக்குப் போறாங்க. மனசுக்குப் பிடிச்ச வேலைதான். ஆனா அந்தச் சம்பளத்துல கடன் அடையாது. திரும்ப சுரங்கத்துக்கே வர்றாங்க. மாசாமாசம் இ.எம்.ஐ கட்டுறவங்களுக்கு இந்த இடம் சுருக்குனு குத்தும்.

அதென்ன 'டக்ஸ்'? 2008-ல் அங்கே சுரங்கக் கழிவுநீர்க் குட்டையில இறங்கின 1,600-க்கும் மேற்பட்ட வாத்துகள் செத்துப்போச்சு. உலகச் செய்தியாச்சு. அதே இடத்துல சிதைஞ்ச மனுஷங்க யாருக்கும் செய்தி ஆகலை.

அடுத்தது நமக்கு ரொம்பப் பக்கத்துல நடந்தது. ஐ.நா. பணியாளரா வன்னியில இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொலக் வரைஞ்ச 'வன்னி' (2019). 2008 செப்டம்பர்ல ஐ.நா. அங்கிருந்து வெளியேறினப்போ, 'போகாதீங்க'னு மக்கள் கெஞ்சினாங்க. போர் முடிஞ்ச பிறகு, உயிர் தப்பினவங்களோட வாக்குமூலங்களை வெச்சு ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கி இந்தக் கதையைச் சொல்லியிருக்காங்க. போர் வீடியோ வந்தா ரெண்டு செகண்ட்ல ஸ்க்ரோல் பண்ணிடுவோம். சுனாமிக்கு முன்னாடியிருந்தே கூட வாழ்ந்த ஒரு குடும்பத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

டெஸ்ஸா ஹல்ஸின் 'ஃபீடிங் கோஸ்ட்ஸ்' 2025-ல் புலிட்சர் பரிசு வாங்கின புத்தகம். ஷாங்காயில பத்திரிகையாளரா இருந்த பாட்டி, அவங்க மகள், பேத்தினு மூணு தலைமுறைக் கதை. பக்கத்துக்குப் பக்கம் எழுத்து நிறைய, அதனால முதல் புத்தகமா இதை எடுக்காதீங்க. (பரிசு அறிவிச்சப்போ ஹல்ஸ், அலாஸ்கா சட்டமன்றக் கட்டடத்துல சமையல் வேலை பார்த்துட்டிருந்தாங்க!)

ஒரே மூச்சுல முடிக்கணுமா? 'செயின்சா மேன்' புகழ் டட்சுகி ஃபுஜிமோட்டோவின் 'லுக் பேக்'. ஸ்கூல் பத்திரிகையில காமிக்ஸ் வரையுற ஒரு பொண்ணு, ஸ்கூலுக்கே வராம அவளைவிட நல்லா வரையுற இன்னொரு பொண்ணு. மங்காங்கிறதால வலமிருந்து இடமா படிக்கணும். ரெண்டு பக்கத்துல பழகிடும்.

நாலும் ஆங்கிலத்துல கிடைக்கும். தமிழ்லதான் வேணும்னா சிவகாசி பக்கம் திரும்புங்க. 1972-ல் தொடங்கின முத்து காமிக்ஸும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் ஐரோப்பியக் கதைகளை இன்னமும் தமிழ்ல தந்துட்டிருக்காங்க. உங்க அப்பாகிட்ட 'இரும்புக்கை மாயாவி தெரியுமா'னு ஒரு தடவை கேட்டுப்பாருங்க. அப்புறம் அரை மணி நேரம் போன் உங்க கைக்கு வராது.