செடிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு பேராசிரியர்



பிளஸ் ஒன் சேரும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பயாலஜியா, கம்ப்யூட்டரா?" எனக்கு இரண்டுமே பிடிக்கும் என்றால், "ஏட்டி, செடிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது! அதற்கென்றே பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவிகூட உண்டு. பெயர்தான் கொஞ்சம் நீளம்: 'கணினிவழித் தாவரச் சூழலியலும் பரிணாமமும்'.

அவர் என்ன செய்வார்?

ஒரு உடைமரத்தின் உயரத்தை நாமே அளந்துவிடலாம். ஆனால் ஒரு காட்டில் எந்த மரம் பிழைக்கும், எது சாகும், ஏன்? நீலகிரி மாவட்டம் முதுமலையில் 1988-ல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து குறித்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் தகடு கட்டினார்கள். மொத்தம் 25 ஆயிரத்துக்கும் மேல்! தீயில் செத்தது எத்தனை, யானை ஒடித்தது எத்தனை, புதிதாக வளர்ந்தது எத்தனை என்று வருஷா வருஷம் கணக்கு. இதை நோட்டில் கூட்டிக் கழிக்க முடியுமா? அங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. செடிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, எது எதற்குச் சொந்தம் என்று வம்சாவளி போடவும் அதுதான் வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்?

முதலில் விளம்பரம் வரும். பி.எச்டி. முடித்தவர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளையும், இனிமேல் செய்யப்போகும் ஆய்வுத் திட்டத்தையும் அனுப்புவார்கள். அவர்களைப் பற்றி மற்ற பேராசிரியர்கள் கடிதம் தருவார்கள். பட்டியலில் தேறியவர்கள் துறையினர் முன்னால் உரை நிகழ்த்த வேண்டும். கடைசியில் தேர்வுக் குழு நேர்காணல் நடத்தும். இதில்தான் சிக்கல். தாவரவியல்காரர் "இவர் கம்ப்யூட்டர் ஆள்" என்பார். கம்ப்யூட்டர்காரர் "இவர் செடி ஆள்" என்பார்! இரண்டிலும் கால் ஊன்றியவரை அடையாளம் காண்பதுதான் குழுவின் திறமை.

நம் நாட்டில் நடந்தது

மாதவ் காட்கில் மும்பையில் விலங்கியல் படித்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கணிதவழிச் சூழலியலில் 1969-ல் டாக்டர் பட்டம் பெற்று, அங்குள்ள கணினி மையத்திலும் ஆய்வு செய்தார். அடிக்கடி மிதிபடும் இடத்துக் காட்டுப்பூச்செடி விதைக்கு அதிகம் செலவழிக்கும், தொந்தரவு இல்லாத இடத்துச் செடி இலைக்கு அதிகம் செலவழிக்கும் என்று ஆட்டோ சோல்பிரிக் என்பவரோடு சேர்ந்து 1972-ல் எழுதினார்.

அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியலுக்குத் தனித் துறையே கிடையாது. ஆனாலும் அதன் இயக்குநர் சதீஷ் தவான் (ஆமாம், இஸ்ரோ தலைவராகவும் இருந்த அதே தவான்தான்!) 1973-ல் காட்கிலையும், பருவமழையை ஆராய்ந்த அவர் மனைவி சுலோசனா காட்கிலையும் அங்கே சேர்த்துக்கொண்டார். பத்து வருஷத்தில், 1983-ல், அங்கே சூழலியல் மையம் பிறந்தது. சென்னையில் தாவரவியல் படித்த ஆர்.சுகுமார், காட்கிலிடம் யானைகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் ஆனார். மேலே சொன்ன முதுமலைக் கணக்கைத் தொடங்கியவர் அவர்தான். ஒருவரைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் எத்தனை விளைந்தது பாருங்கள்!

நமக்கு என்ன?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. கடலடிப் புல்வெளி, உடங்காடு, ஊரைச் சுற்றிப் படரும் சீமைக்கருவேல் என்று நம் தூத்துக்குடியில் எண்ண வேண்டியது ஏராளம். நாளைக்கு அப்படியொரு விளம்பரம் வரும்போது, விண்ணப்பிக்க நம்ம ஊரிலிருந்தும் ஆள் வேண்டாமா? "இதுவா, அதுவா" என்று இப்போதே ஒன்றை விட்டுவிட்டால் எப்படி?

தாவரவியல் மிஸ்ஸும் கம்ப்யூட்டர் சாரும் சேர்ந்து அனுமதி கொடுத்தால், நம் பள்ளி மரங்களுக்கு நம்பர் போட நாங்கள் ரெடி!

– பிளஸ் ஒன் மாணவி, மில்லர்புரம்