இரண்டு வாரக் கணக்கு

இந்திய ராணுவத்தின் டாங்குகள் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆவடியில் தயாராகின்றன. அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கு 1965-இல் வெளிவந்தது. அதே மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், 1990 முதல் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான முகாம் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து யோசிக்க வைக்கும் பெயர் ஒன்று உண்டு: ஜெனரல் கிருஷ்ணசுவாமி சுந்தர்ஜி.

அவர் செங்கல்பட்டில் பிறந்தவர். அன்று திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல்தான். மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்து, காங்கோவில் ஐ.நா. படையில் பணியாற்றி, 1986 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். காலாட்படையிலிருந்து வந்தும் கவச டிவிஷன் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். கவச வண்டிகளில் விரைந்து சென்று போரிடும் இயந்திரமயக் காலாட்படை உருவானதில் அவர் பங்கு பெரியது. 1986-87-இல் ராஜஸ்தானில் நடந்த பிராஸ்டாக்ஸ் பயிற்சி பாகிஸ்தானைப் பதற வைத்தது. அதே காலத்தில் அருணாசல எல்லையில் சும்துரோங் சூவில் சீனா நுழைந்தபோது, படைகளை வான்வழியே இறக்கி எதிரே நிறுத்தினார். சோம்பலான தளபதி என்றோ அறிவற்றவர் என்றோ அவரை யாரும் சொல்ல முடியாது. இந்தக் கதையில் கவலைப்பட வேண்டிய விஷயமே அதுதான்.

1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இருந்த ஆயுதக் குழுவினருக்கு எதிரான ராணுவ நடவடிக்கை நடந்தபோது மேற்குப் பிராந்தியத் தளபதி அவர்தான். சீக்கிரம் முடியும் என்று தொடங்கியது. கடைசியில் கோயில் வளாகத்திலுள்ள அகால் தக்தை நோக்கி விஜயந்தா டாங்குகள் சுட வேண்டி வந்தது. கட்டடம் சிதைந்தது. அதன் பின்விளைவுகள் பல ஆண்டுகள் நீடித்தன. அதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம் மூன்றே ஆண்டுகளில் மறந்துபோனது.

1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. விடுதலைப் புலிகளோடு மோத நேர்ந்தால் இரண்டு வாரத்தில் அடக்கிவிடலாம் என்று பிரதமர் ராஜீவ் காந்தியிடம் சுந்தர்ஜி சொன்னதாக, அன்று கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பின்னர் எழுதினார். அக்டோபரில் அந்த மோதல் வந்தே விட்டது.

அக்டோபர் 11 நள்ளிரவு. புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து வீரர்கள் இறக்கப்பட்டார்கள். எதிராளி தயாராகக் காத்திருந்தான். 13-வது சீக்கிய இலகு காலாட்படையிலிருந்து இறங்கிய 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். அமைதி காக்க என்று குறைந்த ஆள்பலத்தோடு அனுப்பப்பட்ட 54-வது டிவிஷன் திடீரென நகரச் சண்டைக்குள் தள்ளப்பட்டது. கையில் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, எதிரே ஏ.கே.-47, சாலையெங்கும் கண்ணிவெடி. டி-72 டாங்குகளும் வந்தன. பாலைவனச் சமவெளிக்காகச் சிந்திக்கப்பட்ட போர்முறைக்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் வேலிகளிலும் இடமில்லை. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள்.

யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய அந்த இரண்டு வாரத்திலேயே கைக்கு வந்துவிட்டது. ஆனால் போர் முடியவில்லை. புலிகள் வன்னிக் காட்டுக்குள் போனார்கள். படை நான்கு டிவிஷன்களாகப் பெருத்தது. 1988-இல் சுந்தர்ஜி ஓய்வுபெற்றுப் போனார். கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கிளம்பியது 1990 மார்ச் 24-இல். அதற்குள் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் திரும்பி வந்த வீரர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை.

பழியை ஒரே ஆளின் தலையில் கட்டுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. படையை அனுப்பியது அரசு. உளவுத்துறை தான் பயிற்சி கொடுத்த இயக்கத்தையே குறைத்து மதிப்பிட்டது. ஆயினும் தளபதி நாள் எண்ணிச் சொல்லும்போது, அரசியல்வாதியின் தயக்கம் கரைந்துபோகிறது. இரண்டு வாரம் என்றால் அதற்குப் பிறகு நகரை யார் ஆள்வார்கள், ஊர்மக்கள் யாரை நம்புவார்கள், படை எப்போது திரும்பும் என்ற கேள்விகளைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் தலைநகர் கீவ் நோக்கி வேகமாகக் கிளம்பிய ரஷ்யப் படை, ஏப்ரல் தொடக்கத்தில் அங்கிருந்து பின்வாங்க நேர்ந்தது. அந்தப் போரும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இன்று நம் தொலைக்காட்சி விவாதங்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் மணிக்கணக்கில் போரை முடித்துக் காட்டுகிறார்கள். அவர்களில் சுந்தர்ஜி அளவுக்குத் திறமை உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

அமைதிப்படை வெளியேறிய மூன்றாம் மாதம், 1990 ஜூனில், இலங்கையில் போர் மீண்டும் வெடித்தது. அப்போது படகேறி வந்தவர்களுக்காக உருவானதுதான் கும்மிடிப்பூண்டி முகாம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இன்று பெயின்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் தினக்கூலியாகப் போகிறார்கள். 2021-இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும். இலங்கை அதில் இல்லை.