‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் ‘காசு’ம்: ஒரு சொற்பிறப்பு நோக்கு

முன்னுரை

கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ்க் ‘காசு’ என்பதிலிருந்து பிறந்தது என்னும் கருத்துப் பரவலாக நிலவுகிறது. இரண்டும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கியிருப்பதே இதற்குக் காரணம். ஆயின், ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்பது ஒரு சொல்லன்று; ஒரே வடிவில் வழங்கும் இரு வேறு சொற்கள். அவற்றுள் ஒன்றே தமிழ்வழிப்பட்டது. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டியும் பணமும்

கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. அந்நாளில் அது பணத்தையேயன்றிப் பணப்பெட்டியையும் குறித்தது. பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு ‘கெஸ்’, இத்தாலிய ‘காஸ்ஸா’ ஆகியவற்றோடு தொடர்புடைய இச்சொல், இலத்தீன் ‘காப்சா’ என்பதன் வழிவந்தது. பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்திற்கு ஆகி வந்தமை, தமிழ் இலக்கணம் கூறும் இடவாகுபெயரை ஒத்தது. பின்னர்ப் பெட்டிப்பொருள் வழக்கொழிந்தது, பணப்பொருளே நிலைத்தது. ‘காப்சூல்’, ‘கேசட்’ ஆகியனவும் இதே வேரினவே. தமிழ்க் ‘காசு’க்குப் பெட்டி என்னும் பொருள் இல்லை. ஆதலின், ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இச்சொல்லைத் தமிழ்ச்சொல் எனல் பொருந்தாது.

நாணயமாகிய ‘கேஷ்’

மற்றொரு ‘கேஷ்’, கீழைநாடுகளில் வழங்கிய சிறுமதிப்பு நாணயங்களின் பெயர். இதன் மூலம் தமிழ்க் ‘காசு’. சங்கப் பாடல்களிலும் சோழர் கல்வெட்டுகளிலும் பயின்ற அச்சொல், வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றாகவும் விளங்குகிறது. ‘கர்ஷ’ என்னும் வடசொல்லோடு அதனை இணைப்பாரும் உளர்.

1498இல் இந்தியா வந்தடைந்த போர்த்துகீசியர், பின்னர் இச்சொல்லைக் ‘கைஷா’ என வழங்கினர். அவர்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் சொல்லும் ‘கைஷா’வே, அதுவும் ‘காப்சா’வின் வழியினது. இவ்வாறு தமிழ்ச்சொல்லும் இலத்தீன் வழிச்சொல்லும் ஆங்கிலத்தை அடையுமுன்னரே ஓர் உருவின ஆயின.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால மதராசில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இக்காசினை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என எழுதினர். திருவிதாங்கூர் நாணயங்களிலும் அப்பெயர் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டது. நடுவில் சதுரத் துளையுடைய சீனச் செப்பு நாணயத்தையும் நாணயவியலார் இன்றும் ‘கேஷ்’ என்றே அழைக்கின்றனர். 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் இந்நாணயப்பெயரைத் தமிழோடு தொடர்புபடுத்துகிறது.

முடிவுரை

சொல்லின் பிறப்பை ஆராய்வோர் ஒலி, தொடக்கப் பொருள், வந்த வழி ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், கைப்பணமாகிய ‘கேஷ்’ இலத்தீன் வழியது. நாணயமாகிய ‘கேஷ்’ தமிழ்வழியது. முன்னதற்கு உரிமை கோருவதால், சான்றுகளோடு சீனம்வரை சென்ற பின்னதன் வரலாறு மறைந்துபோகிறது. தமிழுக்கு உரியதை நிலைநாட்ட, உரியதல்லாததை விலக்குதலும் இன்றியமையாதது.