கட்டைவிரலும் கறுப்பு வட்டமும்

1936 மார்ச். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊர். பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பங்கள் கூடாரங்களில் முடங்கிக் கிடந்தன. கடுங்குளிரில் பயிர் கருகிப்போய்விட்டது. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு மாத அலைச்சலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த புகைப்படக் கலைஞர் டோரதியா லாங், முகாமின் பெயர்ப் பலகையைப் பார்த்தும் நிற்காமல் காரை ஓட்டிப் போனார். 20 மைல் போன பிறகு மனசு கேட்கவில்லை, வண்டியைத் திருப்பினார்.

முகாமில் அவர் கழித்தது ஏறக்குறைய 10 நிமிடம். கையில் கிராஃப்ளெக்ஸ் கேமரா. மேலே இருக்கும் தோல் கூண்டுக்குள் குனிந்து பார்த்தால், கண்ணாடியில் பட்டுத் திரும்பிய காட்சி தெரியும். உள்ளே நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிம். கன்னத்தில் கை வைத்த ஒரு தாய், முகத்தைத் திருப்பி அவள் தோளில் சாய்ந்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்த படம் இதுதான்.

அந்த ஃபிலிமில் நடந்தது என்ன? மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத சில்வர் புரோமைடு துகள்கள். ஜெலட்டின் வருவது மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும். ஆக, உழவர் வாழ்க்கையைப் பதித்த படங்களில் தொழுவத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வெளிச்சம் பட்ட துகளில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து நிற்கும். அப்போது எதுவும் தெரியாது. டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் போட்டதும், அந்த அணுக்களைப் பற்றிக்கொண்டு முழுத் துகளும் வெள்ளியாக மாறும். பளபளக்கும் வெள்ளி நகை அல்ல இது. பொடியாக இருப்பதால் கறுப்பாகத் தெரியும். அதனால்தான் நெகட்டிவில் வெயில் பட்ட இடம் கறுப்பு, நிழல் விழுந்த இடம் வெளுப்பு. பிரிண்ட் போடும்போது இது மீண்டும் தலைகீழாகிச் சரியாகிவிடும்.

வெளிச்சம் படாத துகள்கள் அப்படியே இருந்தால், வெளியே எடுத்த பின் காலப்போக்கில் அவையும் கறுத்துப்போகும். அவற்றைக் கரைத்து அகற்றுவது ஹைப்போ என்ற ரசாயனம். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டது 1819-இல். புகைப்படத்துக்கு அது பயன்பட்டது 1839-இல். படத்தைச் சேர்ப்பதல்ல, வேண்டாததைக் கழிப்பதுதான் இருட்டறையின் கடைசி வேலை.

கழித்தல் அங்கேயே முடிவதில்லை. நிறம் முதலில் போகிறது. பழுத்த தக்காளியும் அதன் பச்சை இலையும் ஒரே சாம்பல் நிறமாக விழலாம். லென்ஸ் முன் மஞ்சள் ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுத்து, வெண்மேகம் தனித்துத் துலங்கும். நிறம் போனபின் எஞ்சுவது முகத்தின் சுருக்கம், சட்டையின் கிழிசல், காய்ந்த மண்ணின் வெடிப்பு. கிராமத்தைச் சொல்ல லாங் போன்ற கலைஞர்கள் கறுப்பு வெள்ளையை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். தாங்களே கழுவிக்கொள்ளலாம், செய்தித்தாளில் எளிதாக அச்சிடலாம் என்ற வசதியும் சேர்ந்தது.

லாங் வேலை பார்த்தது அரசுத் திட்டம் ஒன்றில். பொருளாதார நெருக்கடியில் நொடித்த உழவர்களின் நிலையை நாட்டுக்குக் காட்ட 1935-இல் தொடங்கிய அந்தப் படப்பிரிவை ராய் ஸ்ட்ரைக்கர் நடத்தினார். அதன் ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

அந்தப் படப்பிரிவிலும் நடந்தது கழித்தல்தான். ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தின் கீழ் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. அது கண்ணை இழுக்கிறது என்று நினைத்து, 1939-இல் நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்தார் லாங். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் விரல் இன்னும் நிழலாகத் தெரியும்.

விரலை அழித்ததற்கு முகம் சுளித்த ஸ்ட்ரைக்கரின் கையிலோ ஒரு துளைக் கருவி இருந்தது. தொடக்க ஆண்டுகளில், தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் அவர் ஓட்டை போட்டுவிடுவார். கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். அந்த நெகட்டிவ்களும் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் உழவன் முகத்திலோ வயல்வெளியிலோ ஒரு கறுப்பு வட்டம். ஏன் கறுப்பு என்று இப்போது நமக்குத் தெரியும்: அந்த ஓட்டை வழியே வெளிச்சம் தடையின்றிப் பாய்ந்திருக்கிறது.