பற்பசை இனிப்பன்று

அண்மையில் நூம்பலில் ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். நான்கு வயதுச் சிறுவன் பற்பசைக் குழாயைச் சப்பிக்கொண்டிருந்தான். "பழச்சுவை, சாமி, துப்பச் சொன்னால் விழுங்கிவிடுகிறான்" என்று தாய் சிரித்தார். ஆனால் அது சிரித்து விட்டுவிடத்தக்க செய்தியன்று.

பற்பசையிலுள்ள புளோரைடு பல்லின் மேற்பூச்சை உறுதிப்படுத்திச் சொத்தையைத் தடுக்கிறது. அது பல்லின்மீது பணிபுரிய வேண்டியதேயன்றி, வயிற்றுக்குள் செல்ல வேண்டியதன்று. ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகிவரும் முதல் எட்டு ஆண்டுகளில், அளவுக்கு மிஞ்சிய புளோரைடு உட்சென்றால் பின்னர் முளைக்கும் பற்களில் வெண்புள்ளிகள் தோன்றும். மிகுந்தால் பழுப்புக் கறை படியும். அக்கறை துலக்கினாலும் போகாது.

இதன் கடுமையைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் நன்கறிவர். அங்கே காரணம் பசையன்று, நிலத்தடி நீர். அதற்கு மாற்றாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

பற்பசையின் கணக்கையும் பார்ப்போம். நம் நாட்டுச் சட்டம் பத்து இலட்சத்தில் 1000 பங்கு புளோரைடு வரை அனுமதிக்கிறது. அதாவது ஒரு கிராம் பசையில் 1 மில்லிகிராம். விளம்பரங்களில் காட்டுவதுபோல் தூரிகை முழுதும் பிதுக்கினால் ஏறக்குறைய ஒரு கிராம் ஆகிவிடும். பட்டாணியளவு கால் கிராம்; அரிசியளவோ அதனினும் குறைவு. பசையில் சேர்க்கும் இனிப்பும் பழமணமும் குழந்தையை விழுங்கத் தூண்டுகின்றன. வெறும் வயிற்றில் புளோரைடு எளிதில் உடலில் சேர்கிறது.

அன்புள்ள பெற்றோரே, அஞ்சிப் பசையையே விலக்கிவிடாதீர்கள். செங்கற்பொடிக்கும் கரிக்கும் திரும்பவும் வேண்டாம், அவை பல்லைத் தேய்த்துவிடும். மூன்று வயதுக்குள் அரிசியளவும், ஆறு வயதுவரை பட்டாணியளவும் போதும். பசையை நீங்களே எடுத்து வையுங்கள்; அருகில் நின்று துப்பக் கற்றுக்கொடுங்கள். குழாயில் அச்சிட்டுள்ள புளோரைடு அளவைப் படித்து வாங்குங்கள். அதைக் குழந்தையின் கைக்கெட்டாமல் வையுங்கள்.

குழந்தையின் உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடை. மாலைச் செபத்தில் அருகிருந்து சொல்லித்தரும் தாயும் தந்தையும், காலையில் பல் துலக்கும் அந்த இரண்டு நிமிடமும் அருகிருந்தால் போதும். அன்புக்கும் அளவறிதல் உண்டு.